மகன் ஃப்ராட்டில் சேர ஆசைப்படுகிறான். நிறவெறி பற்றிக் கேள்விப்படுவதெல்லாம் எவ்வளவு தூரம் உண்மை?

மீனா_டெக்சாஸ்

எல்லோருக்கும் வணக்கம். சமையல், தோட்டம் பகுதிகளில் என்னைப் பார்த்திருப்பீர்கள். இங்கே எழுதுவது முதல் தடவை.

என் மகன் தென்மாநிலம் ஒன்றில் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறான். ஆகஸ்டில் ‘ரஷ்’ வாரம் நடந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கிரேக்க எழுத்துப் பெயர் வைத்த ஃப்ராட்டர்னிட்டி வீடுகள் கேம்பஸ் ஓரமாக வரிசையாக இருக்கும். புதுப் பையன்கள் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பழகுவார்கள். பிடித்தவர்களுக்கு அந்த வீட்டார் ‘பிட்’ கொடுப்பார்கள், அதாவது சேரச் சொல்லி அழைப்பு. என் மகனும் அவன் அறைத்தோழனும் ஒன்றாகவே கிளம்பிப் போனார்கள். ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி சட்டை. போனது ஐந்து வீடு. அறைத்தோழனுக்கு மூன்று வீடுகளிலிருந்து பிட் வந்தது. என் மகனை நான்கு வீடுகளில் இரண்டாம் சுற்றுக்கே கூப்பிடவில்லை. ஐந்தாவது வீட்டில் ஒருவன், “கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே? எங்கள் வீட்டு ஜிபிஏ இறங்கிக் கிடக்கிறது, நீ வந்தால் ஏறிவிடும்” என்றானாம். என் மகன் படிப்பது வரலாறு.

அறைத்தோழன் வெள்ளைக்காரப் பையன், நல்ல பிள்ளை. அவன்தான் எனக்கே போன் பண்ணி, “ஆன்ட்டி, இது சரியில்லை” என்றான். என் கணவர், “குடிகாரக் கூட்டம், சேராததே நல்லது” என்கிறார். மகனோ, “அம்மா, எனக்கு ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்” என்கிறான். ஜனவரியில் மறுபடி போகப் போகிறானாம். நிறத்துக்காகத்தான் ஒதுக்கினார்களா, நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழனி_நியூஜெர்சி

அம்மா, நம் ஊர் ராகிங்கைத்தான் இங்கே வீடு கட்டி நடத்துகிறார்கள். வருடத்துக்கு எத்தனை சாவு செய்தி! போகாதே என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுங்கள்.

இளங்கோ

மீனா அக்கா, நான் பதினோரு வருடமாக ஒரு கல்லூரியில் மாணவர் நலன் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஃப்ராட்டுகளோடு வாரத்துக்கு இரண்டு கூட்டமாவது இருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழனி ஐயாவுக்கு. ராகிங்கும், ஃப்ராட்டில் சேர வருகிறவர்களைத் துன்புறுத்திச் சோதிக்கும் ‘ஹேஸிங்’ சடங்கும் ஒன்றில்லை. ராகிங்கில் புதிதாக வந்த எல்லோரும் மாட்டுவார்கள். ஹேஸிங் நடப்பது உள்ளே வர ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும். அதனால்தான் யாரும் புகார் கொடுப்பதில்லை. கொடுத்தால் வாசல் மூடிவிடும் என்ற பயம். ஆனால் அக்கா கேட்டது அதற்கும் முன்னால் நடப்பதைப் பற்றி: வாசலில் யாரை நிறுத்துகிறார்கள், யாரை உள்ளே விடுகிறார்கள் என்பது.

அதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1825 இல் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் தொடங்கிய காப்பா ஆல்ஃபா சொசைட்டியிலிருந்துதான் இன்றைய ஃப்ராட் மரபைக் கணக்கிடுகிறார்கள். அப்போது கல்லூரிக்கு வந்தவர்களே பணக்கார வெள்ளைப் பையன்கள்தான், அதனால் யாரையும் தடுக்க விதி தேவைப்படவில்லை. பிற்பாடு யூதர்களும் கத்தோலிக்கர்களும் கறுப்பினத்தவரும் வரத் தொடங்கியதும் பல ஃப்ராட்டுகள் தங்கள் சாசனத்திலேயே எழுதிவைத்தன: வெள்ளையர் மட்டும், கிறிஸ்தவர் மட்டும், சிலதில் ‘ஆரியர்’ மட்டும். ஒளித்து வைத்த விதியுமில்லை, அச்சடித்த விதி. இடம் கிடைக்காத யூத மாணவர்கள் தங்களுக்கென்று தனியே தொடங்கிக்கொண்டார்கள். 1898 இல் நியூயார்க்கில் வேர்விட்ட ஸீட்டா பீட்டா டௌ அப்படி வந்ததுதான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய மாணவர்களில் சிலர் இதைக் கேள்வி கேட்டார்கள். 1948 இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஃபை காப்பா சை என்ற ஃப்ராட்டின் கிளையினர் ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டார்கள். தேசியத் தலைமை அந்தக் கிளையையே நீக்கியது. பையன்கள் மசியவில்லை. பெயரைக் கொஞ்சம் மாற்றி உள்ளூர்ச் சங்கமாகவே தொடர்ந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 1954 இல் டார்ட்மவுத் மாணவர்கள் தாங்களே வாக்கெடுத்து, 1960 க்குள் இந்த விதியைக் கைவிடாத ஃப்ராட் எதுவும் இங்கே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். 1965 இல்கூட ஸ்டான்ஃபோர்டின் சிக்மா கை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்க முன்வந்தபோது தலைமை அந்தக் கிளையை இடைநிறுத்தியது. நிறம் காரணமில்லை என்று தலைமை சொன்னது. கிளையில் இருந்தவர்கள் நம்பவில்லை.

அப்புறம் விதிகள் ஒவ்வொன்றாகப் போயின. வாக்கெடுப்பு போகவில்லை. பழைய நாளில் ஒரு பெட்டியில் வெள்ளைக் குண்டோ கறுப்புக் குண்டோ போடுவார்கள். ஒரே ஒரு கறுப்புக் குண்டு விழுந்தால் ஆள் வெளியே. யார் போட்டது, ஏன் போட்டது, யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்று குண்டுக்குப் பதில் போனில் ஆப் இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. “நம் வீட்டுக்கு ஒத்துவர மாட்டான்” என்று ஒரு வரி போதும். உங்கள் மகனுக்கு நடந்தது நிறத்தால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது அக்கா. நிரூபிக்க முடியாதபடிதான் அந்த அறையே அமைக்கப்பட்டிருக்கிறது.

கார்த்தி_சிகாகோ

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் இதை எழுதுகிறேன். 2008 முதல் 2012 வரை நான் மிட்வெஸ்ட்டில் ஒரு ஃப்ராட் உறுப்பினன். வீட்டில் அறுபது பேர், இந்திய வம்சாவளி நான் ஒருவன்தான். மூன்றாம் ஆண்டு அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. இரவு ஒரு மணிக்கு இரண்டு பேர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆறு மணி நேரம் ஓட்டி வந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்கள். ஒருவன் இரண்டு நாள் எங்களோடே தங்கி அம்மாவுக்குக் காபி வாங்கிக் கொடுத்தான். இன்றும் என் பிள்ளைகள் அவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஃப்ராட் பையன் என்றாலே குடிகாரன், நிறவெறியன், பெண்களை மதிக்காதவன் என்று முடிவு கட்டுவதும் முத்திரை குத்துவதுதானே? எங்கோ நான்கு முட்டாள்கள் செய்வதற்கு எல்லோரையும் ஏன் இழுக்கிறீர்கள்?

இளங்கோ

கார்த்தி, உங்கள் நண்பர்களைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. என் அலுவலகத்துக்கு வரும் பையன்களிலும் தங்கமானவர்கள் நிறையப் பேர். ஆனால் ‘நான்கு முட்டாள்கள்’ என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2015 மார்ச். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் சிக்மா ஆல்ஃபா எப்சிலான் பையன்கள் பஸ்ஸில் போகும்போது பாடிய பாட்டு வீடியோவாக வெளியே வந்தது. கறுப்பினத்தவன் ஒருவன்கூட எங்கள் வீட்டில் சேர முடியாது, மரத்தில் தொங்கவிட்டாலும் சேர்க்க மாட்டோம் என்பது அதன் பொருள். பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் உடனே அந்த வீட்டை மூடினார், இருவரை நீக்கினார். நாடே அந்த இரண்டு முகங்களைத்தான் பார்த்தது. எனக்கு அதைவிட வலித்தது விசாரணையில் வந்த விஷயம். அந்தப் பாட்டை அவர்கள் சொந்தமாகக் கட்டவில்லை. நான்கு வருடம் முன்பு தேசியத் தலைமை கப்பலில் நடத்திய தலைமைப் பண்பு முகாமில் அந்தக் கிளைப் பையன்கள் கற்றுக்கொண்டு வந்தது. பிறகு வருகிற ஒவ்வொரு புதுப் பையனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பாட்டு ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு நான்கு வருடம் போயிருக்கிறது என்றால், நடுவில் எத்தனை நல்ல பையன்கள் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள்?

‘தீம் பார்ட்டி’ என்ற வழக்கமும் இப்படித்தான். 2010 பிப்ரவரியில் சான்டியாகோவில் கறுப்பினச் சேரிவாழ்க்கையைக் கேலி செய்து ஒரு பார்ட்டி நடந்தது. அதுவும் கறுப்பின வரலாற்று மாதத்தில். 2013 இல் டியூக் பல்கலைக்கழகத்தின் காப்பா சிக்மா கிளை ஆசியர்களின் உச்சரிப்பைக் கிண்டல் செய்யும் எழுத்தில் அழைப்பு அனுப்பியது. அன்று தெருவில் இறங்கிக் கண்டித்த மாணவர்களில் நம் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

கல்லூரிகள் ஏன் எல்லாரையும் தண்டிப்பதில்லை என்று பெற்றோர் என்னிடம் கேட்பார்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பேச்சுரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 1991 இல் ஒரு ஃப்ராட் முகத்தில் கறுப்பு பூசி நடத்திய நிகழ்ச்சிக்குத் தண்டனை கொடுத்தார்கள். 1993 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லாது என்று சொல்லிவிட்டது.

வெண்ணிலா

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழில் பிழை இருந்தால் திருத்துங்கள். 😊

இளங்கோ அண்ணா சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். வாசலை மூடுவது உள்ளே இருக்கும் பிள்ளைகள் மட்டுமில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தில் 2013 செப்டம்பரில் மாணவர் பத்திரிகையான ‘தி கிரிம்சன் ஒயிட்’ ஒரு செய்தி போட்டது. மதிப்பெண், குடும்பம், பழக்கம் எதிலும் குறை சொல்ல முடியாத ஒரு கறுப்பின மாணவியைச் சொராரிட்டிகள், அதாவது பெண்களுக்கான ஃப்ராட்டுகள், ஒதுக்கிவிட்டன. அந்த வீடுகளில் இருந்த பெண்களிலேயே சிலர் பத்திரிகையிடம் சொன்னார்கள்: எங்களுக்கு அவளைச் சேர்க்க ஆசை, தடுத்தது பழைய மாணவிகளின் சங்கத்துப் பெரியவர்கள் என்று. வீட்டுக்குப் பணம் தருகிறவர்கள், ஆலோசகர்கள், நம் அம்மா வயதுக்காரர்கள். கறுப்பின மாணவர்களை உள்ளே விடமாட்டேன் என்று கவர்னர் ஜார்ஜ் வாலஸ் அதே பல்கலைக்கழக வாசலில் நின்றது 1963 ஜூன் 11. சரியாக ஐம்பது வருடம் கழித்து இது நடந்தது! மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பல்கலைக்கழகம் தலையிட்டு மறுபடி அழைப்பு கொடுக்க வைத்தது. அதற்குப் பிறகுதான் சில கறுப்பினப் பெண்களுக்கு அந்த வீடுகள் திறந்தன.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லத்தான் லாகின் பண்ணினேன். இந்த இழை முழுக்க ஃப்ராட் என்றால் வெள்ளைக்காரர் வீடு என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். என் காலேஜ் ரூம்மேட் ஒரு கறுப்பினச் சொராரிட்டியில் இருந்தாள். ஒருமுறை என் பெரிய மாமா என்னைப் பார்க்க வந்தபோது அவர்கள் வெளியே ‘ஸ்டெப்பிங்’ ஆடிக்கொண்டிருந்தார்கள். கையும் காலும் தட்டியே தாளம் எழுப்பி ஆடும் ஆட்டம். மாமா என் கையைப் பிடித்து இழுத்து, “கேங் போலிருக்கிறது, அந்தப் பக்கம் போகாதே” என்றார். அவள் காதில் விழுந்தது. தமிழ் புரியாது, ஆனால் ‘கேங்’ புரியுமே. அவள் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்தக் கறுப்பினச் சங்கங்கள் எப்படி வந்தன தெரியுமா? முதலில் 1906 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. சமூக வாழ்க்கையில் அவர்களுக்கு எந்த இடமும் கிடைக்காத ஊரில், ஒருவரையொருவர் படிக்க வைக்க, கல்லூரியை விட்டுப் போய்விடாமல் பிடித்துவைக்க ஆரம்பித்தது. மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த தர்குட் மார்ஷலும் அதேதான். 1913 இல் கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கும் ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் (ஹார்வர்ட் இல்லை) தொடங்கிய டெல்டா சிக்மா தீட்டா பெண்கள் அதே வருடம் மார்ச் 3 அன்று வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரவேண்டும் என்று சொல்லப்பட்ட ஊர்வலம் அது. இப்படி ஒன்பது சங்கங்கள் இருக்கின்றன. படிப்பு முடிந்தாலும் உறுப்பு முடியாது. அறுபது வயதிலும் ஞாயிற்றுக்கிழமை உணவு வங்கியில் நின்று வேலை செய்வார்கள்.

சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986 இல் ஹவர்டில் சேர்ந்தது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில், 1908 இல் தொடங்கிய கறுப்பினச் சொராரிட்டி. அவர் துணை ஜனாதிபதி ஆனபோது நம் வாட்ஸ்அப் குழுக்களில் துளசேந்திரபுரம் கோயில் படம் எத்தனை முறை வந்தது! இளஞ்சிவப்பும் பச்சையும் உடுத்தி முத்துமாலை போட்டு அவருக்காக வேலை செய்த அந்தச் சொராரிட்டிப் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை.

பழனி_நியூஜெர்சி

வெண்ணிலா, உன் மாமா இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் அம்மா. முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இதெல்லாம் எனக்குத் தெரியாது. எழுதியதற்கு நன்றி.

அருண்_பே_ஏரியா

அக்கா, உங்கள் மகன் தெற்காசிய ஃப்ராட் எதையாவது பார்த்தானா? 1994 இல் பிங்ஹாம்ட்டனில் அயோட்டா நூ டெல்டா, 1998 இல் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை என்று தொண்ணூறுகளில் நம் பையன்களே தொடங்கியவை இருக்கின்றன. அந்த வகையில் ஒன்றில் நானும் இருந்தேன். பெயர் வேண்டாம். தீபாவளிக்கு வீட்டுக்குப் போக முடியாத வருடம் நாற்பது பேர் சேர்ந்து சமைத்தோம். அந்த இரவுக்காகவே எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் முழுதும் சொல்ல வேண்டுமில்லையா. எங்களை உள்ளே விடவில்லை என்று தனி வீடு கட்டினோம், அப்புறம் எங்கள் வாசலிலும் ஆள் நிறுத்தினோம். ஊரிலிருந்து நேராக மேற்படிப்புக்கு வந்த பையன்களின் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்போம். எண்ணெய் வைத்த தலை என்றால் பேர் வெட்டுப்படும். நான் கறுப்பு, தமிழ். உறுப்பினனாகி இரண்டு வருடம் கழித்தும் ‘மதராஸி’தான் என் பெயர். சிரித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அடுத்த வருடம் வந்த மதுரைப் பையனுக்கு எதிராக வாக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். அவன் நன்றாகத்தான் இருந்தான். அவனோடு சேர்த்து என்னையும் பார்ப்பார்களோ என்று எனக்குப் பயம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆசியப் பையன் என்றால் சாது, படிப்பாளி, உடம்பில் தெம்பில்லாதவன் என்று வெளியே ஒரு முத்திரை இருக்கிறதே, அது உள்ளே வந்து என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2013 டிசம்பரில் நியூயார்க் பரூக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர், பை டெல்டா சை என்ற ஆசிய அமெரிக்க ஃப்ராட்டில் சேர்வதற்காகப் பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப்பகுதிக்குப் போனார். கண்ணைக் கட்டி, முதுகில் மணல் பை ஏற்றி, உறைந்து கிடந்த தரையில் திரும்பத் திரும்ப மோதித் தள்ளினார்கள். அந்தச் சடங்குக்குப் பெயர் ‘கண்ணாடிக் கூரை’. ஆசியர்கள் இந்த நாட்டில் படும் பாட்டை உடம்பால் உணர வைப்பதாம். தலையில் அடிபட்டு அவர் இறந்துபோனார். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட இல்லை. 2018 இல் நீதிமன்றம் அந்த ஃப்ராட்டுக்குப் பென்சில்வேனியாவில் பத்து வருடம் தடை போட்டது. நிறவெறியைப் புரியவைக்கிறோம் என்று சொல்லித் தங்கள் தம்பியையே கொன்றிருக்கிறார்கள். செய்தியைப் படித்த அன்று என்னால் வேலைக்குப் போக முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அதைவிடச் சின்னதாக ஒன்று உண்டு. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகாமல் போனது அதிர்ஷ்டம்தான்.

கார்த்தி_சிகாகோ

அருண், உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை.

முன்பு நான் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். நான்கு வருடமும் வீட்டில் என்னைக் கார்த்தி என்று கூப்பிட்டவர்கள் மூன்று நான்கு பேர்தான். மற்றவர்களுக்கு நான் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் வரும் இந்தியக் கடைக்காரன். அந்தக் குரலில் பேசச் சொல்வார்கள், பேசுவேன். பார்ட்டியில் கைதட்டல் கிடைக்கும். அப்பாவுக்காக இரவெல்லாம் கார் ஓட்டியவனும் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டான். போன வாரம் அவனுக்குப் போன் செய்து கேட்டேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. “உனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன், நீ சிரித்தாயே” என்றான். அவன் அழுதான், நானும்தான்.

அவர்கள் மேல் எனக்கு இருக்கும் அன்பு குறையவில்லை. ஆனால் என் மகன் அங்கே போக வேண்டும் என்றால் அவன் பெயரோடு போக வேண்டும்.

மீனா_டெக்சாஸ்

எல்லாவற்றையும் மகனுக்கு மொழிபெயர்த்து அனுப்பிவிட்டேன். கார்த்தி தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தானாம். இளங்கோ தம்பி, அவன் ஜனவரியில் போவது உறுதி. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

இளங்கோ

போகட்டும் அக்கா, கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும். ஒவ்வொரு ஃப்ராட் வீட்டிலும் கூடத்துச் சுவரில் வருடத்துக்கு ஒன்றாகப் பெரிய சட்டம் போட்ட படம் தொங்கும். ‘காம்போசிட்’ என்பார்கள். அந்த வருட உறுப்பினர்கள் எல்லோரின் முகமும் கட்டம் கட்டமாக, கீழே பெயரோடு இருக்கும். யாரும் பேசுவதற்கு முன்னால் அதன் எதிரே பத்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். ஒரு வெள்ளையரல்லாத முகம் எந்த வருடம் வருகிறது, அடுத்த வருடமும் இருக்கிறதா, பாதியில் காணாமல் போகிறதா என்று பார்க்கட்டும். போனவர்களைத் தேடிப்பிடித்துப் பேசினால் இன்னும் நல்லது. கசப்போடு விலகியவன் சொல்வதை எந்தக் கையேடும் சொல்லாது.

2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, ஹேஸிங் விதியை மீறியதாக முடிவான சங்கங்களின் விவரத்தைப் பல்கலைக்கழகங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பக்கத்தை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். பணம் எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள். உறுப்பினர் கட்டணம் செமஸ்டருக்கு ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும் வீடுகள் உண்டு. நிறத்துக்கு அடுத்து அங்கே ஆளைப் பிரிப்பது அதுதான்.

மீனா_டெக்சாஸ்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஜனவரி வரை காத்திருக்கவில்லை, அறைத்தோழன் சேர்ந்த வீட்டுக்கு மகன் போன சனிக்கிழமை போய்விட்டு வந்தான். காம்போசிட் எதிரே நின்று எண்ணினானாம். 1971 இலிருந்து படங்கள் இருக்கின்றன. முதல் பழுப்பு முகம் 2006 இல். அடுத்த வருடப் படத்தில் அது இல்லை. பிறகு 2017 இல் ஒன்று, அதற்கப்புறம் வருடத்துக்கு இரண்டு மூன்று. எண்ணிக்கொண்டிருந்தபோது வீட்டுத் தலைவனாக இருக்கும் பையன் பக்கத்தில் வந்து நின்று என்ன பார்க்கிறாய் என்று கேட்டிருக்கிறான். இவன் மறைக்காமல் சொல்லியிருக்கிறான். அந்தப் பையனும் முதல் படத்திலிருந்து கூடவே எண்ணினானாம். 2006 இல் இருந்தவர் யார் என்று தனக்குத் தெரியாது, பழைய பதிவேட்டில் பார்த்துச் சொல்கிறேன் என்றானாம்.

நேற்று இரவு அந்தப் பையன் ஒரு பெயரையும் மின்னஞ்சலையும் அனுப்பியிருக்கிறான். தெலுங்குப் பெயர் மாதிரி இருக்கிறது. என் மகன் இன்னும் கடிதம் எழுதி முடிக்கவில்லை, எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்டான்.